மூன்று எண்ணும் வரை

அத்தியாயம் 19

வாத்தியாரைப் போன வாரம் ஏழாவது கொண்டை ஊசி வளைவில், செத்த தேனீக்களுக்கு நடுவே நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், மனுஷர் வீடு திரும்பி ஐந்து நாளாகியும் மனதளவில் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்.

நடந்தது இதுதான். கீழே சமவெளியில் சூரியகாந்தி முடிந்துவிட்டது. மேலே மலைச்சரிவில் ஊதாப் பூ பூக்க ஆரம்பித்துவிட்டது. ஐம்பத்திரண்டு தேன்பெட்டிகளைப் பிக்கப் வண்டியில் அடுக்கிக்கொண்டு வாத்தியாரும் அவர் மனைவியும் விடியற்காலையில் கிளம்பினார்கள். ஏழாவது வளைவில் வண்டி மேற்கொண்டு ஏற மாட்டேன் என்று அடம்பிடித்து நின்றுவிட்டது. மேல் தோட்டத்திலிருந்து டிராக்டர் கொண்டுவர மனைவி நடந்தே போனாள். போகும்போது ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்.

"என்ன ஆனாலும் எஞ்சினை மட்டும் அணைச்சிடாதீங்க."

வாத்தியார் அணைத்துவிட்டார்.

வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. எஞ்சின் வெடித்துவிடும் என்று அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாவியைத் திருப்பினார். ஒன்றரை மணி நேரம் கழித்து டிராக்டர் வந்தபோது நடுவரிசையில் பன்னிரண்டு பெட்டிகள் சத்தமில்லாமல் இருந்தன. "என்னாச்சு?" என்று எல்லாரும் கேட்டார்கள். "எஞ்சின் தானா நின்னுபோச்சு" என்று அவர் வாயிலிருந்து வந்தது. வந்ததுதான், திரும்ப உள்ளே போகவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது சுலபமில்லை. அதுவும் நாற்பத்தைந்து வயதில், பழக்கமில்லாத கையால்.

அந்தச் சுமையை மேலே இழுக்க டிராக்டராலும் முடியாமல் திரும்பி வந்த மிச்சம் நாற்பது பெட்டிகள் வீட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. பூ இல்லாத இடத்தில் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்து எத்தனை நாள் ஓட்டும்? பத்து நாளுக்குள் மேலே போயாக வேண்டும். தெருவே தேனக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி, ஒரே ஒரு பெட்டியில் தொடங்கிப் பதினெட்டு வருடமாகச் சேர்த்த குடும்பம் அது. "இதுவும் போச்சுன்னா இனிமே ஒரு பெட்டியைக் கூடத் தொட மாட்டேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். தேனக்கா சொன்னால் சொன்னதுதான்.

*

வண்டிக் கொட்டகையில், பழைய மேசைமேல் இரண்டு இரும்புச் சாமான்கள் உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே வாத்தியாரின் மச்சினன், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவன் போல இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் துறைமுகத்தில் கப்பல் எஞ்சின் பட்டறையில் வேலை பார்ப்பவன். அக்கா போனில் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள் என்பதற்காகப் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். அக்கா பேசாமல் இருந்து அவன் அதுவரை கேட்டதில்லை.

"மாமா, உங்க வண்டிக்கு வியாதி ஒண்ணும் இல்ல" என்றான். "மூச்சுதான் பத்தல. மேல போகப் போகக் காத்து மெலிசாயிடுது. காத்து இல்லாம பெட்ரோல் எப்படி எரியும்?"

"எனக்கேவா சொல்லித் தர்றே?" என்றார் வாத்தியார்.

அவர் பூகோள வாத்தியார். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும் என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறார். தன் வண்டியும் அந்தக் காற்றைத்தான் குடிக்கிறது என்பது அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"அப்ப சுலபம். இந்த ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள திணிக்கும். ஆனா எதுல பிழைப்பு நடத்துதுங்கறதுதான் வித்தியாசம்." பெரியதைத் தட்டினான். "இது சூப்பர்சார்ஜர். எஞ்சின்லேர்ந்து பெல்ட் போட்டு இதைச் சுத்த விடணும். மிதிச்ச நொடியே காத்து வந்து நிக்கும். ஆனா வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. வேலையும் செய்யும், பந்தியில முதல் ஆளாவும் உட்காரும். எஞ்சினோட பலத்துல ஒரு பங்கை இதுவே தின்னுடும்."

"வீட்டோட மாப்பிள்ளைன்னு யாரைடா சொல்றே?"

"பொதுவாச் சொன்னேன் மாமா."

தேனக்கா வாசலில் நின்று, பெட்டிகளுக்கான கம்பிவலையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

இரண்டாவது சாமானை மச்சினன் கையில் எடுத்தான். அதைத் தன் சாப்பாட்டு டப்பாவில், பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். நத்தை ஓடு இரண்டை முதுகோடு முதுகு ஒட்டியதுபோல இருந்தது. உள்ளே இந்தப் பக்கம் ஒரு சின்னச் சக்கரம், அந்தப் பக்கம் ஒரு சின்னச் சக்கரம், நடுவில் ஒரே அச்சு.

"இது டர்போ. இதுக்குப் பெல்ட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எஞ்சின் வேண்டாம்னு வெளியே துப்புற புகை இருக்குல்ல? அது இந்தச் சக்கரத்தைச் சுத்தும். கூடவே அந்தச் சக்கரமும் சுத்தி நல்ல காத்தை உள்ள தள்ளும். அவ்வளவுதான்."

விரல் நுனியால் சக்கரத்தைச் சுண்டினான். சத்தமே இல்லாமல் அது சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி ஏத்தத்துல ஏறும்போது இது நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்தும், சொல்லுங்க பார்ப்போம்?"

"ஆயிரம்?"

"லட்சம். லட்சத்துக்கு மேலேயே போகும்."

வாத்தியார் மனக்கணக்குப் போட்டார். ஒரு நொடிக்கு ஆயிரத்து அறுநூறு சொச்சம். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். அந்த நேரத்தில் ஐந்நூறு சுற்றாவது முடிந்திருக்கும். ஒரு எலுமிச்சம்பழம் அளவுச் சக்கரம், எவரும் சீந்தாத புகையை வைத்துக்கொண்டு இதைச் செய்கிறது.

"நான் வேலை செய்யற இடத்துல டர்போ இந்தக் கொட்டகை உசரம் இருக்கும் மாமா. உள்ள ஆள் நிக்கலாம். முதல் நாள் அதைப் பார்த்துட்டு எனக்குச் சாப்பாடு இறங்கல."

"இதுல குறையே கிடையாதா?" இதுவரை பேசாமலிருந்த தேனக்கா கேட்டாள்.

"ரெண்டு இருக்கு. ஒண்ணு, மிதிச்சதும் வராது. புகை சேரணும், சக்கரம் வேகம் பிடிக்கணும். இது பழசு வேற. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணணும். அப்புறம்தான் வேலையைக் காட்டும்."

மூன்று நொடி. வாத்தியாருக்கு ஏழாவது வளைவு கண்முன்னே வந்தது. பின்னால் பள்ளம். முள் ஏறிக்கொண்டிருக்கிறது. மிதித்தும் வண்டி நகரவில்லை. அந்த மூன்று நொடியில் தன் கை எங்கே போகும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்கு நெஞ்சோடு நிற்கவில்லை, விரல்கூடக் குறுகுறுத்தது.

"சூப்பர்சார்ஜரே போட்டுடலாம்" என்றார் அவசரமாக. "மிதிச்சா உடனே வரணும். பலம் போனாப் போகட்டும்."

"மேல போகப் போக அதுக்குக் கிடைக்கிற காத்தே மெலிசு மாமா. பெல்ட் சுத்தற வேகத்துக்குத்தான் அதுவும் சுத்தும், அதுக்கு மேல அதால ஒண்ணும் பண்ண முடியாது. டர்போ அப்படியில்ல, மெலிசான இடத்துல இன்னும் வேகமாச் சுத்தி ஈடு கட்டப் பார்க்கும். மலைக்கு இதுதான் சரி. ஆனா ரெண்டாவது குறையை நினைச்சுத்தான் யோசிக்கிறேன்."

"அது என்ன?"

"ஏறி முடிச்சதும் இது பழுக்கக் காஞ்சு கிடக்கும். அந்த நேரத்துல எஞ்சினை அணைச்சா ஆயில் நின்னுபோய், அச்சைத் தாங்கற பேரிங் கருகிடும். ரெண்டு மூணு நிமிஷமாவது எஞ்சினைச் சும்மா ஓட விடணும். நம்ம ஆளுங்க யாரு விடறாங்க? போய்ச் சேர்ந்ததும் சாவியைப் பிடுங்கினாத்தான் அவங்களுக்கு உயிர் வரும். நீங்க எப்படி?"

தேனக்கா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"நாங்களா? ஈ உள்ள இருக்கற வரைக்கும் நாங்க எஞ்சினை அணைக்கவே மாட்டோம்டா. பெட்டி அதிர்ந்துட்டே இருந்தா அதுங்க தேனடைச் சட்டத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு அசையாம இருக்கும். அதிர்வு நின்னா, போக வேண்டிய இடம் வந்துடுச்சுன்னு எல்லாம் ஒரே நேரத்துல வாசலுக்கு ஓடி வரும். வாசல்ல வலை. முதல்ல வந்தது வலையை அடைச்சுக்கும். பின்னாடி இருக்கறதுக்குக் காத்து போகாது. தன் சூட்டுலயே வெந்து செத்துடும். மேல போய், கடைசிப் பெட்டியை இறக்கி, கடைசி வலையை எடுக்கற வரைக்கும் சாவியைத் தொடறதே கிடையாது."

மச்சினன் மேசையை ஓங்கித் தட்டினான். "அக்கா! இந்த டர்போவுக்குன்னே பொறந்தவங்க நீங்க! இனிமே பேச்சே இல்ல, இதுதான்."

சொல்லிவிட்டு அடுத்த நொடியே நெற்றியைச் சுருக்கினான். எஞ்சின்காரன் புத்தி.

"ஆமா, அப்படின்னா அன்னிக்கு எஞ்சின் எப்படி அணைஞ்சுது? ஏற முடியலன்னா நின்ன இடத்துல ஓடிட்டு இருக்க வேண்டியதுதானே?"

தேனக்கா கணவன் பக்கம் திரும்பினாள். ஒன்றும் கேட்கவில்லை. வெறுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதோ, வாசல் திறந்திருக்கிறது, சொல்லிவிடலாம் என்று வாத்தியார் நினைத்தார். உண்மையாகவே நினைத்தார்.

"தானா... தானாத்தான் நின்னுபோச்சு" என்றார். "சூடு ஏறிடுச்சுல்ல."

"இருக்கலாம்" என்றான் மச்சினன், அரைமனதாக. "ரேடியேட்டரையும் பெரிசாப் போட்டுடறேன்."

தேனக்கா கத்தரியை எடுத்துக்கொண்டு பெட்டிகள் பக்கம் போய்விட்டாள்.

*

நான்கு நாள் வேலை. வண்டி, எஞ்சினைத் திறந்துபோட்டுக்கொண்டு கொட்டகையில் கிடந்தது. மச்சினன் அதன் அடியில் கிடந்தான். வாத்தியார் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு அவன் கேட்ட ஸ்பேனரைத் தவிர மற்ற எல்லா ஸ்பேனரையும் எடுத்துக் கொடுத்தார்.

"பதினாலு கேட்டேன் மாமா. இது பதினேழு."

"மூணுதானே வித்தியாசம்?"

"பரீட்சைக்கு மார்க் போடறப்போ இப்படித் தாராளமா இருந்தீங்கன்னா பசங்க உங்களைக் கும்பிடுவாங்க."

மூன்றாம் நாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்தும் புழுக்கம் குறையவில்லை. தேனக்கா தம்பியைக் கூப்பிட்டாள். "வாடா, உனக்கு ஒண்ணு காட்டறேன்."

கப்பல் எஞ்சினுக்குள் இறங்கத் தயங்காதவன், பெட்டிகளுக்கு எட்டடி தள்ளியே நின்றுகொண்டான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒரு பெட்டியின் வாசல் எதிரே நீட்டிப் பிடித்தாள். வாத்தியாரும் பின்னாலேயே போனார்.

வாசலில் இருபது முப்பது தேனீக்கள் வரிசை வரிசையாக நின்றிருந்தன. தலையைத் தாழ்த்தி, காலை ஊன்றி, நின்ற இடத்திலேயே இறக்கையை வீசிக்கொண்டிருந்தன. இறக்கையே தெரியவில்லை, அந்த இடத்தில் ஒரு மங்கல்தான் தெரிந்தது.

"இந்தப் பக்கம் கையை வை. இப்ப அந்தப் பக்கம் வை."

ஒரு பக்கம் குளிர்ந்த காற்று உள்ளே போவது தெரிந்தது. மறுபக்கம் தேன் வாசனையோடு சூடான காற்று கையில் மோதியது. மச்சினன் கையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். பிறகு பயத்தை மறந்து மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"இதுங்க... காத்தைத் தள்ளுதுங்களா?"

"உள்ள சூடு ஏறினா வந்து நிக்கும். ஒண்ணு களைச்சுப் போனா இன்னொண்ணு அந்த இடத்துல வந்து நின்னுக்கும். ராத்திரி பகல்னு பார்க்காது."

"யாரு சொல்றா இதுங்களுக்கு? எது எங்க நிக்கணும், எவ்வளவு வீசணும்னு?"

"யாரும் சொல்றதில்லடா. பதினெட்டு வருஷமாப் பார்க்கறேன், எனக்கும் தெரியாது."

அவன் எழுந்திருக்கவே இல்லை. "நாங்க காத்தை அமுக்க ஒரு பட்டறையே வச்சிருக்கோம் அக்கா" என்றான் மெதுவாக. "அளவு பார்க்க நாலு பேர், வரைபடம் போட ரெண்டு பேர்."

வாத்தியாரும் அவன் பக்கத்தில் குனிந்தார். வீட்டுக்குப் பின்னாலேயே நடப்பதை இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை. ஆனால் அந்த வியப்பு அடங்குவதற்குள்ளேயே இன்னொன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கும் இவை வீசியிருக்கும். வலை அடைத்துப்போய், போக வழியில்லாத காற்றைக் கடைசி வரைக்கும் தள்ளிப் பார்த்திருக்கும். அவர் பாறைமேல் உட்கார்ந்து, எஞ்சின் ஆறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது.

அவருக்கு அழுகை வந்தது. கண்ணில் வியர்வை என்று துடைத்துக்கொண்டார்.

*

வளைவில் நின்ற நாளிலிருந்து ஒன்பதாம் நாள், விடிவதற்கு முன்பே எல்லாப் பெட்டிகளுக்கும் வலை அடித்தாகிவிட்டது. நாற்பது பெட்டி, ஒன்றரை டன் எடை. கயிற்றை இழுத்துக் கட்டிய பிறகு வாத்தியார் மனைவியிடம் போனார்.

"ஏம்மா, தம்பி ஓட்டட்டுமே? அவன் மாட்டினதுதானே?"

"அவனுக்கு மலை தெரியாது. எனக்குப் பெட்டிங்க பக்கத்துல இருக்கணும். நீங்கதான் ஓட்டணும்."

சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி, பெட்டிகளுக்கும் கேபினுக்கும் நடுவே போட்டிருந்த பலகையில் உட்கார்ந்துகொண்டாள். அப்பீலுக்கு இடமில்லை.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பழைய குரலிலேயே பேசியது. வாத்தியாருக்கு ஏமாற்றம். சமதரையில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் மச்சினன் கண்ணை மூடிக்கொண்டு, காதை மட்டும் திறந்து வைத்திருந்தான்.

முதல் வளைவில் ஏற்றம் ஆரம்பித்தது. வாத்தியார் மிதித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. எங்கிருந்தோ ஒரு மெல்லிய விசில் கிளம்பியது. யாரோ பின்னாலிருந்து தோளைக் கொடுத்ததுபோல வண்டி முன்னே போனது. வாத்தியார் பானெட்டையே பார்த்தார்.

"இதுவா? இந்தச் சின்னதா?"

"ரோட்டைப் பாருங்க மாமா."

இரண்டு, மூன்று, நான்கு. போன தடவை மூச்சிரைக்க முதல் கியரில் ஊர்ந்த இடங்களில் இப்போது இரண்டாவது கியரில் ஏறினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அதே மூன்று எண்ணிக்கை, அதே விசில். ஆறாவது வளைவு தாண்டியதும் வாத்தியாருக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்துவிட்டது. பாட்டு ஏதாவது முணுமுணுக்கலாமா என்று யோசித்தார்.

ஏழாவது வளைவின் பாதியில் எதிரே பஸ் வந்தது.

மேலிருந்து இறங்கும் பெரிய பஸ். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு லாரிகள். வளைவில் மூன்றும் ஒதுங்க இடமில்லை. பஸ் டிரைவர் கையை வெளியே நீட்டி, நில்லு நில்லு என்றார். வாத்தியார் பிரேக்கை மிதித்து ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தார். ஓரத்துச் சுவரில் போன தடவை அவர் வண்டி உரசிய கீறல் இன்னும் அப்படியே இருந்தது.

லாரிகள் பின்வாங்கி, பஸ் பின்வாங்கி, ஒன்று ஒதுங்கி, மற்றது ஒதுங்காமல், டிரைவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நேரம் போனது. வெயில் பாறையில் ஏறிவிட்டது. முள் நகர ஆரம்பித்தது. நடுக்கோட்டைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் போனது.

வாத்தியாரின் வலது கை ஸ்டீயரிங்கிலிருந்து இறங்கியது. அவர் அதை இறக்கவில்லை, அதுவாகத்தான் இறங்கியது. சாவிக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் வந்து நின்றது.

"மாமா, புது ரேடியேட்டர் தாங்கும்" என்றான் மச்சினன். ஆனால் அவனும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவருக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. உண்மையில் வீட்டிலிருந்தே அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது, அவர்தான் கவனிக்கவில்லை. எஞ்சின் உறுமலுக்கு அடியில், லட்சக்கணக்கான உயிர்கள் சேர்ந்து எழுப்பும் ஒரே ரீங்காரம். ஏறாமல் இறங்காமல், நிதானமாக. எஞ்சின் அதிர்கிறது, அதை நம்பி அவை பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவர் சாவியைத் திருப்ப மாட்டார் என்ற நம்பிக்கையில் நாற்பது வீடுகள் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன.

கேபினின் பின்கண்ணாடியில் இரண்டு தட்டு விழுந்தது. தேனக்கா. பெட்டிகள் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம்.

வாத்தியார் கையை எடுத்து மறுபடி ஸ்டீயரிங்கில் வைத்தார். முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அது சிவப்புக்கு ஒரு மயிரிழை கீழேயே நின்றது என்று பிறகு மச்சினன் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

கடைசியில் லாரிகள் ஒதுங்கின. பஸ் உரசாமல் கடந்து போனது. வழி திறந்துவிட்டது.

"இப்ப முழுசா மிதிச்சுக்கிட்டு கிளட்சை விடுங்க" என்றான் மச்சினன். "வண்டி கொஞ்சம் பின்னாடி வரும். பயந்து காலை எடுத்தீங்கன்னா அவ்வளவுதான். எண்ணுங்க."

வாத்தியார் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து மிதித்தார்.

"ஒண்ணு."

வண்டி ஒரு சாண் பின்னால் வந்தது. டயருக்கடியில் கல் நொறுங்கியது.

"ரெண்டு."

ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் முனகியது. வாத்தியாரின் கால் மிதித்த இடத்திலேயே இருந்தது.

"மூ..."

விசில் வந்தது. மெல்ல எழுந்து, கூர்மையாகி, காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. நின்றிருந்த வண்டி ஒன்றரை டன் சுமையோடு நகர்ந்தது. நகர்ந்தது என்ன, ஏறியது! கீறல் விழுந்த சுவர் பின்னால் போனது. கண்ணுக்குத் தெரியாத காற்று, கைப்பிடி அளவு இரும்புக்குள் புகுந்து, இத்தனை உயிர்களையும் அந்த மலைமேல் தூக்கிக்கொண்டு போனது. வாத்தியார் வாய்விட்டுக் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது. மச்சினனும் கத்தினான். பின்கண்ணாடியில் தட்டு மேல் தட்டாக விழுந்தது.

*

மேலே சரிவு முழுக்க ஊதாவாக இருந்தது. மூன்று பேரும் பெட்டிகளை இறக்கினார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மச்சினன் பானெட்டைத் தூக்கினான். நிழலில் டர்போவின் ஓடு கரிய சிவப்பில் கனன்றுகொண்டிருந்தது. அவர்கள் பார்க்கப் பார்க்க அது கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, பெட்டிகள் பாதி இறங்கும்போது வெறும் இரும்பு நிறத்துக்கு வந்துவிட்டது.

நாற்பதாவது பெட்டியும் தரைக்கு வந்தது. தேனக்கா வரிசையாக வலைகளை எடுத்துக்கொண்டே போனாள். தேனீக்கள் வெளியே வந்தன. வந்தவை உடனே பூவுக்குப் பறக்கவில்லை. தத்தம் பெட்டியைப் பார்த்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, முன்னும் பின்னுமாக, பிறகு சின்ன வட்டமாக, பிறகு பெரிய வட்டமாகப் பறந்தன.

"என்ன பண்ணுதுங்க?" என்றான் மச்சினன்.

"வீடு இப்ப எங்க இருக்குன்னு பார்த்து மனசுல பதிய வச்சுக்குதுங்க. பதிஞ்சாத்தான் போகும்."

நாற்பது வாசல்களிலும் ஒரே நேரத்தில் அது நடந்தது. காற்றே பொன்னிறத்தில் சுழல்வதுபோல இருந்தது. மச்சினன் தொப்பியைக் கழற்றிக்கொண்டான். யாரும் சொல்லவில்லை, தானாகவே கழற்றினான்.

நாற்பதும் உயிரோடு இருந்தன. வாத்தியார் வண்டிக்குப் போய் எஞ்சினை அணைத்தார். மலை திடீரென்று அமைதியானது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே மனைவியிடம் திரும்பி வந்தார். மச்சினன் எட்ட, பெட்டிகளுக்கு நடுவே மண்டி போட்டிருந்தான்.

"அன்னிக்கு எஞ்சின் தானா நிக்கல" என்றார். "நான்தான் அணைச்சேன். நீ அவ்வளவு சொல்லியும் அணைச்சேன். முள் ஏறினதும் பயந்துட்டேன். அந்தப் பன்னெண்டும் என்னாலதான் போச்சு."

அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தார். கத்துவாள், அழுவாள், எதுவானாலும் சரி.

தேனக்கா கையிலிருந்த வலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"எஞ்சின் தானா நின்னிருந்தா சாவி திறந்த இடத்துலயே இருந்திருக்கும். நான் வந்தப்போ அணைச்ச இடத்துல இருந்துச்சு. நீங்க பின்னாடி பெட்டிங்க மேல தண்ணி ஊத்திட்டு இருந்தீங்க. டிராக்டர்காரர் வந்து கேபின்ல ஏறப்போனார். அவர் கண்ணுல படறதுக்குள்ள நான்தான் சாவியைத் திறந்த இடத்துக்குத் திருப்பி வச்சேன்."

சாவி! அவர் அதை நினைத்தே பார்க்கவில்லை.

"அப்புறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கல?"

"எதுக்குக் கேட்கணும்? நீங்களாச் சொல்வீங்கன்னு ஒன்பது நாளாப் பார்த்துட்டு இருந்தேன். அன்னிக்குக் கொட்டகையில தம்பி கேட்டப்போகூடப் பார்த்தேன்."

வாத்தியாருக்குத் தலை நிமிரவில்லை. செத்துப்போன பன்னிரண்டு பெட்டிகளையும் கூட அவள் ஒருநாள் மறந்துவிடுவாள். கொட்டகையில் அவள் தன்னைப் பார்த்த அந்தப் பார்வைக்கு முன்னால் தான் சொன்ன பொய்யை, அவரால் இனி எந்த நாளிலும் மறக்க முடியாது.

"இப்ப சொல்லிட்டேன்ல" என்றார், சின்னப் பையன் மாதிரி.

"சொல்லிட்டீங்க. பெட்டிங்க செத்தா நான் தாங்கிக்குவேன். ஆனா மேல வந்து இறங்கியும் நீங்க சொல்லலன்னா, நான் ஒரு முடிவு எடுத்து வச்சிருந்தேன்."

"என்ன முடிவு?"

அவள் வலைகளைக் கீழே வைத்தாள். அவர் எதிரே கையை நீட்டினாள். அவர் சாவியை அதில் வைத்தார்.

"தம்பி இன்னிக்கு இங்கயே தங்கிப் பெட்டிங்களைப் பார்த்துக்கட்டும். நாம ரெண்டு பேர் மட்டும் இறங்குவோம்" என்றாள் தேனக்கா. "வண்டியை நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து, நான் என்ன முடிவு எடுத்து வச்சிருந்தேன்னு கேளுங்க."